செயலர் இன்னும் எண்ணாத பைன் கோன்

எங்கள் அக்கா 2000 மார்ச் மாதம் மறைந்தார். ஓராண்டு நிறைவில் இந்த மலர் உங்கள் கைக்கு வருகிறது. இதில் எழுதும்படி மாமா, அதாவது அக்காவின் கணவர், என்னைக் கேட்டார். "நாலு நல்ல வார்த்தையா எழுதுங்க மாப்ளே, படிக்கறவங்க மனசு நோகாம இருக்கட்டும்" என்றார். நல்ல வார்த்தைகளை எழுதிவிடுவேன். மனசு நோகாமல் இருப்பது படிப்பவர்கள் கையில் இருக்கிறது.

இதுவரை எனக்குக் கிடைத்த நினைவு மலர்களை ஒன்று விடாமல் படித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரே ஆள்தான் திரும்பத் திரும்ப இறக்கிறார். அவர் யாரையும் கடிந்து பேசியதில்லை. எப்போதும் சிரித்த முகம். வந்தவருக்கெல்லாம் சோறு. எங்கள் அக்கா கடிந்து பேசுவார். தவறான விடைக்குக்கூட அவருக்குக் கோபம் வராது. யோசிக்காமல் சொன்ன சரியான விடைக்கு வரும். வந்தவருக்கெல்லாம் சோறு போட்டார் என்பது மட்டும் உண்மை. சாப்பிட்டவர்களில் பலர் இன்று இந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

கடந்த ஜனவரியில் நம் தமிழ் அமைப்பின் செயலர் மாமாவிடம் ஒரு யோசனை சொன்னார். அமைப்பு ஆண்டுதோறும் குழந்தைகளுக்கு நடத்தும் மின்னல் கணக்குப் போட்டிக்கு அக்காவின் பெயரை வைப்பதாம். பரிசுக் கோப்பையில் அக்காவின் படமும் இருக்குமாம். இன்றைய நிகழ்ச்சியில் மாமா எழுந்து சம்மதம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மாமா கிட்டத்தட்டத் தலையாட்டிவிட்டார். பிறகு என்னைக் கேட்டார். அக்காவின் வாழ்க்கையை ஒருமுறை வரிசையாக எழுதிப் பார்ப்போம், பெயரைக் கொடுப்பதா வேண்டாமா என்பது அதிலிருந்தே தெரியும் என்றேன். எழுதியிருக்கிறேன். செயலரின் பெயரை மட்டும் எடுத்துவிடும்படி மாமா கேட்டுக்கொண்டார். எடுத்துவிட்டேன். அவர் யார் என்று தெரியாதவர் இங்கே யாரும் இல்லை.

அக்கா 1954 ஆனி மாதம் உடுமலைப்பேட்டையில் பிறந்தார். அப்பா நூற்பாலையில் ஸ்டோர் கீப்பர். வீட்டில் நாங்கள் இரண்டு பேர். எனக்கும் அக்காவுக்கும் ஆறு வயது வித்தியாசம். கோவையில் கணிதத்தில் எம்.எஸ்ஸி. முடித்து, 1976 முதல் அங்கேயே ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். 1980 தை மாதம் திருமணம். பிள்ளைகள் இல்லை. மருத்துவர்கள், கோயில்கள், உறவினரின் அறிவுரைகள் என்று பத்து வருடம் போயிற்று. அவற்றில் மருத்துவர்கள் மட்டுமே மரியாதையாக நடந்துகொண்டார்கள்.

நான் 1990 செப்டம்பரில் அமெரிக்கா வந்து, இங்கே டப்ளினில் குடியேறினேன். மாமாவுக்கு 1993 ஜூனில் ஃப்ரீமான்டில் வேலை கிடைத்து, அக்காவும் உடன் வந்தார். பதினேழு வருடம் வகுப்பில் நின்று பேசியவருக்கு இங்கே டிபெண்டன்ட் விசா. வேலைக்குப் போகக்கூடாது. முதல் குளிர்காலம் முழுவதும் அபார்ட்மென்ட் ஜன்னலருகே உட்கார்ந்து, எதிரே நிறுத்திய கார்களின் நம்பர் பிளேட்டுகளைப் பார்த்து எது பகா எண், எது பகு எண் என்று பிரித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் போனில், "தம்பி, காரெல்லாம் தீந்துபோச்சுடா. வேற எங்கயாச்சும் கூட்டிட்டுப் போ" என்றார். மௌரி அவென்யூவிலிருந்து உள்ளே திரும்பினால் ஓடையோரம் ஒரு பூங்கா இருக்கிறது. அங்கே கூட்டிக்கொண்டு போனேன்.

சனிக்கிழமை வகுப்பு அந்தப் பூங்காவில் தொடங்கியது. 1994 ஏப்ரல் என்கிறார் மாமா. மார்ச் கடைசி வாரம் என்பது என் கணக்கு. கோடைக்காக இங்கே எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய வாரம் அது. கீழ்வீட்டுக் குழந்தைகள் இருவர் வந்தார்கள். பிறகு ரஹீமா தன் மகன்கள் இருவரையும் அனுப்பினார். மௌரியில் மளிகைக் கடை வைத்திருக்கும் ரஹீமாவை உங்களுக்கெல்லாம் தெரியும்; முருங்கைக்காய் வந்துவிட்டதா என்று போன் போட்டுக் கேட்பது அவரிடம்தான். இலவச வகுப்பு என்று கேள்விப்பட்டதும் ஃப்ரீமான்ட், பிளசன்டன் எல்லாம் திரண்டு வந்தது.

வகுப்பில் கரும்பலகை கிடையாது. ஓடையில் ஒரு கம்பை நட்டு, அன்றைய நீர்மட்டத்தில் பூஜ்யம் என்று கோடு போடுவார். மழை பெய்தால் நீர் கோட்டுக்கு மேலே போகும், வெயில் காய்ந்தால் கீழே இறங்கும். மைனஸ் எண் என்றால் என்ன என்று யாரும் குழந்தைகளுக்கு விளக்கவில்லை. அவர்கள் குனிந்து பார்த்துப் படித்தார்கள். ஓக் மரத்தடியில் கொட்டைகளைப் பொறுக்கி ஏழேழாகக் கூறு வைத்து, மிஞ்சியதை அணிலுக்கு விடச் சொல்வார். வகுத்தலில் மீதி என்பது அந்தக் குழந்தைகளுக்கு இன்னமும் அணிலின் பங்குதான். மரத்தின் நிழலையும் குச்சியின் நிழலையும் அளந்து மரத்தின் உயரம் கண்டார்கள். இலையைக் கட்டம் போட்ட தாளில் வைத்து வரைந்து பரப்பளவு கண்டார்கள்.

பூங்காவில் மான்டரே பைன் மரம் ஒன்று உண்டு. அதன் அடியில் விழுந்து கிடக்கும் பைன் கோன்கள், அதாவது அதன் செதில் மூடிய காய்கள்தான், அக்காவுக்கு மிகவும் பிடித்த பாடம். கோனைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால், செதில்கள் வலப்பக்கமாகச் சில வரிசைகளும் இடப்பக்கமாகச் சில வரிசைகளுமாகச் சுற்றிப் போவது தெரியும். வெறும் கண்ணால் எண்ணினால் தப்பிவிடும். அதனால் ஒரு பக்க வரிசைகளுக்கு மஞ்சளும் மறுபக்க வரிசைகளுக்குக் குங்குமமும், வரிசைக்கு ஒரு பொட்டாக, விரலால் தொட்டு வைக்கச் சொல்வார். ரஹீமா தன் கடையில் காலாவதியான மஞ்சள்தூள் பாக்கெட்டுகளைப் பைநிறையக் கொடுத்தனுப்புவார். பெரும்பாலான கோன்களில் ஒரு பக்கம் எட்டும் மறுபக்கம் பதிமூன்றும் வரும். அதை அக்கா முன்கூட்டிச் சொல்ல மாட்டார். அவருடைய வகுப்புக்கு ஒரே சட்டம், "எண்ணாம சொல்லாதே."

முதல் புகார் கணக்கைப் பற்றி வரவில்லை, கார் சீட்டைப் பற்றி வந்தது. மஞ்சள் கையோடு குழந்தைகள் புதுக் காரில் ஏறுகிறார்களாம்.

செயலர் தன் மகள் அனுவை 1995 இலையுதிர் காலத்தில் சேர்த்தார். அனுவுக்கு அப்போது எட்டு வயது. இரண்டாவது வாரமே பெற்றோர் சார்பில் பேச வந்துவிட்டார். பெற்றோர் அவரை அனுப்பினார்களா என்று எனக்குத் தெரியாது. அவர் போவதை யாரும் தடுக்கவில்லை. அன்று நானும் அங்கிருந்தேன்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. சிலபஸ் என்னன்னு பேரன்ட்ஸ் எல்லாம் கேக்கறாங்க."

"மரம் இருக்கு. ஓடை இருக்கு. மழை வந்தா இன்னும் கொஞ்சம் இருக்கு."

"இல்ல மேடம், கிரேடு லெவல் என்னன்னு... இவ ஸ்கூல்ல மல்டிப்ளிகேஷன் முடிச்சுட்டா. இங்க வந்து கொட்டை பொறுக்கறா."

"உங்க பொண்ணு பன்னண்டாம் வாய்ப்பாடு ஒப்பிக்கறா. பன்னண்டு கொட்டைய மூணு பேருக்குச் சமமாப் பிரிக்கச் சொன்னா வாய்ப்பாட்ட மறுபடி முதல்லருந்து ஆரம்பிக்கறாளுங்க. அதான் பொறுக்க விட்டிருக்கேன்."

செயலர் சிரித்தார். அவர் மனைவி அந்த அளவுக்கு நாகரிகம் பார்க்கவில்லை. அடுத்த வாரம் ரஹீமாவின் கடையில் புளி வாங்க நின்றவர்களிடம், "பெத்து வளத்தவங்களுக்குத்தாங்க பிள்ளைங்க கஷ்டம் தெரியும். அவங்களுக்கு என்ன தெரியும்?" என்றார். கேட்டவர்கள் புளி வாங்கிக்கொண்டு போனார்கள். ரஹீமா மட்டும், "பெத்துட்டா கணக்கு வந்துடுமா? எனக்கு ரெண்டு இருக்கு, ஒண்ணும் வரலியே!" என்றாராம். இதை ரஹீமாதான் எனக்குச் சொன்னார். அக்காவுக்கு வேறு யாரோ ஏற்கனவே சொல்லியிருந்தார்கள். நல்ல செய்தியை இத்தனை வேகமாகக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் உங்களில் யாருமில்லை.

1996 ஜனவரி, பொங்கல் விழா. வகுப்பின் செயல்விளக்கம் ஒன்றை மேடையில் நடத்தித் தரும்படி அமைப்பு கேட்டது. அக்கா ஒப்புக்கொண்டு, ஆளுக்கொரு பைன் கோன் என்று தேர்ந்தெடுத்து வைத்தார். அதற்குள் செயலர் என்ன செய்தார் தெரியுமா? எங்கோ படித்துவிட்டு எல்லாப் பெற்றோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார்: விடை எட்டு, பதிமூன்று; குழந்தைகளைத் தயார்ப்படுத்தி அழைத்து வரவும்.

மரத்தில் காய்த்த ஒன்றுக்கு விடையை மனப்பாடம் செய்துகொண்டு வரும் குழந்தைகளை உலகத்தில் வேறு எந்தச் சமூகம் மேடையேற்றும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

குழந்தைகள் பட்டுப் பாவாடையும் வேட்டியுமாக வரிசையில் நின்றார்கள். மைக் கைமாறியது. ஒவ்வொருவரும் கோனைத் தூக்கிக் காட்டி, அதைப் பார்க்காமல் சபையைப் பார்த்து, "எய்ட், தர்ட்டீன்" என்றார்கள். ஒவ்வொரு தர்ட்டீனுக்கும் கைதட்டல். வரிசையின் கடைசியில் நின்றவள் அனு. அவள் சபையைப் பார்க்கவில்லை. கோனைத் திருப்பித் திருப்பி மஞ்சள் வைத்தாள், குங்குமம் வைத்தாள், உதடு அசைய எண்ணினாள். பாவாடையெல்லாம் மஞ்சள். சபையில் செருமல் கேட்டது. கடைசியில் மைக்கை வாங்கி, "செவன், லெவன்" என்றாள்.

முன்வரிசையிலிருந்து செயலர், "அனு! தர்ட்டீன்! கரெக்டா சொல்லு!" என்றார்.

"பட் அப்பா, இட்ஸ் லெவன். ஐ கவுன்டட்."

சபை சிரித்தது. நீங்கள்தான் சிரித்தீர்கள். அந்தக் குழந்தையின் முகம் சிவந்தது எனக்கு நினைவிருக்கிறது.

அக்கா மேடையேறி, அனுவின் கையிலிருந்த கோனை வாங்கி, குங்குமப் பொட்டுகளை மைக்கிலேயே ஒவ்வொன்றாக எண்ணினார். பதினொன்று. மஞ்சளை எண்ணினார். ஏழு. "குழந்தை சொன்னது சரி. சில கோன்ல இப்படித்தான் வரும்" என்றார்.

"மேடம், புக்ல தர்ட்டீன்னு தெளிவாப் போட்டிருக்கு. இது டிஃபெக்டிவ் பீஸா இருக்கும்."

"கோன் நல்லாத்தானுங்க இருக்கு." அக்கா மேடையிலிருந்து இறங்கிப் போய் அந்தக் கோனைச் செயலரின் கையில் வைத்தார். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் நிதானமா எண்ணுங்க. எண்ணிட்டு வந்து எனக்குச் சொல்லுங்க."

அடுத்து பரதநாட்டியம்.

அந்தக் கோனை அக்கா வேண்டுமென்றே அனுவிடம் கொடுத்துக் குடும்பத்தை அவமானப்படுத்தினார் என்று இன்றும் சிலர் பேசுகிறீர்கள். சந்தேகமே வேண்டாம், வேண்டுமென்றேதான் கொடுத்தார். முதல் நாளே எல்லாக் கோன்களையும் எண்ணிப் பார்த்துவிட்டார். மின்னஞ்சல் விஷயமும் தெரியும். காரில் திரும்பும்போது நான் கேட்டதற்கு, "எல்லாத்துக்கும் விடைய ஊட்டிட்டாங்கடா தம்பி. எண்ணறவ ஒருத்தி இருக்கா, அவ கையில குடுத்தா பொய் சொல்ல மாட்டான்னு குடுத்தேன். சொல்லலை பாத்தியா?" என்றார். அத்தனை சந்தோஷமாக அவரை இந்த நாட்டில் நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். ஒரு குழந்தையை அவள் அப்பாவுக்கு எதிராக மேடையில் நிறுத்தியது சரியா என்று மாமா அப்போதே கேட்டார். கேள்வி நியாயமானதுதான்.

ஆனால் அன்று நடந்ததற்கு அமைப்பு கொடுத்த பதில் நியாயமானதல்ல. மாமாவின் கிரீன் கார்டு மனு அப்போது நிலுவையில் இருந்தது. பிப்ரவரியில் ஒரு மாலை, செயலர் இரண்டு பெரியவர்களோடு வீட்டுக்கு வந்தார். அக்கா போட்ட காபியைக் குடித்தார்கள். பிறகு செயலர் மாமாவிடம் மெல்லப் பேசினார்.

"சார், உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். மேடம் டிபெண்டன்ட் விசா. ரெகுலரா கிளாஸ் எடுக்கறாங்க. யாராவது இமிகிரேஷனுக்கு எழுதிப் போட்டுட்டா கிரீன் கார்டே மாட்டிக்கும். நாங்க யாரும் செய்ய மாட்டோம். ஆனா நாலு பேர் நாலு விதமா இருப்பாங்க இல்லையா?"

"நான் யாருகிட்டயும் ஒத்தப் பைசா வாங்கலையே" என்றார் அக்கா.

"எங்களுக்குத் தெரியும் மேடம். கவர்ன்மென்ட்டுக்குத் தெரியணுமே."

அவர்கள் போனபின் மாமா காபி டம்ளர்களைக் கழுவி வைத்தார். பிறகு, "கொஞ்ச நாளைக்கு வேண்டாம்மா. கார்டு வரட்டும்" என்றார். மாமா பயந்தார். பயப்படுத்தத்தானே வந்தார்கள்? அவர்மேல் எனக்கு அன்று இருந்த கோபம் இன்று இல்லை. காபி குடித்தவர்கள்மேல் இருக்கிறது. சம்பளமில்லாமல் நாலு குழந்தைகளைப் பூங்காவுக்கு அழைத்துப் போனது குற்றமா என்று ஒரு வக்கீலைக் கேட்டிருக்கலாம். உங்களில் எத்தனையோ பேருக்கு வக்கீல் இருந்தார். என் வக்கீலிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை.

அக்கா அடுத்த சனிக்கிழமை பூங்காவுக்குப் போகவில்லை. அந்தக் கோடையிலேயே ஒரு கடை வரிசையின் பின்பக்கம் செயலரின் பயிற்சி வகுப்பு திறந்தது. டியூப் லைட், நிறுத்துக் கடிகாரம், பக்கம் பக்கமாகக் கணக்குத் தாள். அக்காவின் குழந்தைகளில் பெரும்பாலோர் அங்கே போனார்கள். மின்னல் கணக்குப் போட்டி அங்கேதான் பிறந்தது. கார் சீட்டுகள் சுத்தமாயின.

கிரீன் கார்டு 1999 பிப்ரவரியில் வந்தது. கவரைப் பிரித்ததும் மாமா அதைச் சாமி படத்தின் முன் வைத்தார். அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு பூங்காவுக்குக் கிளம்பினார். ஓடையில் நட்ட கம்பு எப்போதோ போயிருந்தது. புதுக் கம்பு நட்டார். நான் உங்களில் பலருக்கு போன் செய்தேன். "இப்ப சனிக்கிழமை சாக்கர் இருக்கு", "காலேஜ் எஸ்.ஏ.டி. பரிட்சைக்கு இப்பவே ஆரம்பிச்சாச்சு" என்றீர்கள். ரஹீமாவின் மகன்கள், மீசை அரும்பியவர்கள், வந்தார்கள். ரஹீமாவின் வேனில் அனுவும் வந்து இறங்கினாள். அம்மாவிடம் சொல்லிவிட்டு, அப்பாவிடம் சொல்லாமல். ஆக, கடையில் பேசிய அந்த அம்மாவுக்கும் ஒரு நன்றி பாக்கி இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்று குழந்தைகளோடு அந்த வசந்தமும் கோடையும் போயின. செப்டம்பரில் அக்காவுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை பலன் தரவில்லை.

2000 பிப்ரவரியில் செயலர் மலர்க்கொத்தோடு மருத்துவமனைக்கு வந்தார். நான் கட்டிலருகே இருந்தேன்.

"மேடம், பழசெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க."

"பழசு கிடக்கட்டுங்க. அந்தக் கோனை எண்ணினீங்களா?"

"எந்த... ஓ, அதுவா? அது எங்க மேடம் இப்ப..."

"அப்ப இன்னும் எண்ணலை" என்று கண்ணை மூடிக்கொண்டார். செயலர் போனதும், "பூவைத் தண்ணில வை. பூ என்ன பண்ணுச்சு?" என்றார். இதழ்களை எண்ணச் சொல்வாரோ என்று நினைத்தேன். தூங்கிவிட்டார்.

இனி நன்றி. அறுவை சிகிச்சைக்குப் பின் தினமும் ரசம் கொண்டுவந்த ரஹீமாவுக்கு. சக்கர நாற்காலியைப் பைன் மரத்தடி வரை தள்ளிக்கொண்டு போன அவருடைய மகன்களுக்கு. எட்டு வயதில் பொய் சொல்லாமல் நின்ற அனுவுக்கு. உணவு அனுப்புகிறோம் என்று சொன்ன மற்றவர்களுக்கு, சொன்னதற்காக.

போன மாதம் அனு என்னை அழைத்தாள். அவளுக்கு இப்போது பதின்மூன்று வயது. பொங்கல் விழா அன்று வீட்டுக்குப் போனதும் அவள் அப்பா அந்தக் கோனைக் கராஜில் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டாராம். "ஐ டுக் இட் பேக், அங்கிள். ஆன்ட்டிகிட்ட சொல்லலை. நினைவு நாளுக்குக் கொண்டு வரட்டுமா?" என்றாள். கொண்டுவரச் சொன்னேன்.

இதுவரை எழுதியதை மாமாவிடம் படித்துக் காட்டினேன். அக்காவின் பெயரைக் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து. எண்ணுவதற்கு நேரம் கொடுக்காத போட்டிக்கு அவர் பெயர் எதற்கு? மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். வந்த இடத்தில் யாரோடும் பகை வேண்டாம் என்று இத்தனை வருடமும் வாழ்ந்தவர் அவர். சரி, கொடுத்துவிடலாம் என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"அவ கேட்ட கேள்வி அப்படியே நிக்குதே மாப்ளே" என்றார். "எண்ணட்டும். எல்லாருக்கும் முன்னால உக்காந்து எண்ணிச் சொல்லட்டும். அப்புறம் பேர் குடுக்கலாம். இல்லைன்னா கிடையாது. இதை நான் சொன்னதாவே எழுதுங்க."

அப்படியே எழுதிவிட்டேன். இந்த மலரை நீங்கள் வாங்கிய மேசையில் அந்தப் பைன் கோன் இருக்கிறது. பழைய நிறமெல்லாம் உதிர்ந்துவிட்டது. அதனால் இடப்பக்கம் ஒரு கிண்ணத்தில் மஞ்சளும் வலப்பக்கம் ஒரு கிண்ணத்தில் குங்குமமும் வைத்திருக்கிறோம். கை துடைக்கத் துண்டு கிடையாது. ஒரு நாற்காலி போட்டிருக்கிறது. அதில் யாரும் உட்கார வேண்டாம், அது செயலருக்கு. சாப்பாடு தயாராக இன்னும் நேரம் இருக்கிறது. நிறுத்துக் கடிகாரம் எதுவும் வைக்கவில்லை. அவர் நிதானமாக எண்ணலாம்.